பொங்கல் மெயிலுக்கு அப்பா போட்ட பதில்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டி வலி எப்படி இருக்கிறது? நான் குரோம்பேட்டையில் நன்றாகத்தான் இருக்கிறேன். போனில் உங்களுக்குச் சரியாகக் காது கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் புடவைக் கடை இமெயில் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க, கஸ்டமர் லிஸ்டில் உங்களையும் சேர்த்திருந்தேன். "இந்தப் பொங்கலைக் குடும்பத்தோடு கொண்டாடுங்கள்" என்பது ஐப்பசியிலேயே நான் எழுதி, தேதி போட்டு வைத்தது. திங்கட்கிழமை தானாகவே எல்லோருக்கும் போனது. நீங்கள் ஒருவர்தான் பதில் போட்டீர்கள்: "சரிம்மா, எப்ப வர்றே? பானையைப் பரண்லேர்ந்து இறக்கிட்டேன்."

முதலாளி அனந்தகிருஷ்ணன் சார் அதை எல்லார் முன்னாலும் வாசித்தார். "நித்யா, நம்ம மெயிலை நம்புற ஒரே ஆள் உங்கப்பாதான்மா!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்போடு லீவு கேட்டேன்.

"பொங்கல் சேல்ல யாராவது லீவு கேப்பாங்களா? சித்திரை மெயிலை இப்பவே எழுதி வைம்மா" என்றார். பொங்கலுக்கு அவர் குடும்பத்தோடு மூணாறு போகிறார். நான் எழுதினதைக் கேட்டு நடக்கிறவர் அவர் ஒருவர்தான்.

சித்திரைக்கும் எழுதிவிட்டேன். அதிலும் குடும்பம்தான். அதைப் போட்டால்தான் புடவை விற்குமாம். உங்களை லிஸ்டிலிருந்து எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

என் பழைய போர்வையைப் பஸ் பார்சலில் போட்டுவிடுங்கள். ஹாஸ்டல் போர்வையில் யார் வாசனையோ அடிக்கிறது. நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தால் அதுவும் கொஞ்சம்.

சார் கூப்பிடுகிறார். பானையை நீங்களே திரும்பப் பரணில் ஏற்றாதீர்கள், முட்டி தாங்காது. கீழேயே இருக்கட்டும்.

நித்யஸ்ரீ