உலகம்மாளின் அபஸ்வரம்

ஜூலை 3, வியாழன்
குத்துக்கல்வலசைக் கல்யாணக் கச்சேரிக்கு ஒத்திகை. எங்கள் பாடகி சஹானா பல்லவி எடுத்ததுமே சுருதி விலகியது. மூன்று தடவை நிறுத்தினேன். "என் பொண்டாட்டி தோசை சுடும்போது பாடுவா, அவளே தேவலை" என்றேன். பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கட்டும். பாட்டுக்கு முதலில் சுருதி, மற்றதெல்லாம் அப்புறம். என் ட்ரூப்பில் அதுதான் சட்டம்.

ஜூலை 4
காலையில் கீபோர்டில் ஒரே ஒரு கட்டையை அழுத்தினேன். இரண்டு ஸ்வரம் கேட்டது. மறுபடி அழுத்தினேன். அதேதான்.

கீபோர்டு எப்படிச் சுருதி விலகும்? வயலினா, கம்பி தளர? வலது காதைப் பொத்திக்கொண்டு அழுத்தினேன். இடது காதில் அரை ஸ்வரம் கீழே இறங்கிக் கேட்டது. அப்போ நேற்று விலகியது சஹானா இல்லையா?

ஜூலை 6
ஐந்தருவியில் குளித்த தண்ணீர் காதில் நிற்கிறது, அவ்வளவுதான் — இப்படிச் சொல்லிச் சொல்லியே இரண்டு நாள் போயிற்று.

அடுக்களையில் உலகம்மாள் பாடினாள். கல்யாணமான நாளிலிருந்து சுருதிப் பக்கமே போகாதவள். ரேடியோவில் ஒரு பெரிய பாடகி. ரெண்டும் ஒண்ணு போல கேக்கு! ரெண்டுமே அபஸ்வரம். எது நல்ல பாட்டு, எது மோசம்னே தெரியலயே. ஏலே ஆவுடைநாயகம், இனி எதை வச்சுலே நீ பொழைப்ப?

ஜூலை 8
தென்காசியில் காது டாக்டரைப் பார்த்தேன். தண்ணீர் இல்லையாம், நரம்பாம். மாத்திரை தந்தார். "சரியாகலாம், ஆகாமலும் போகலாம்" என்றார். வீட்டில் சொல்லவில்லை.

ஜூலை 12
கச்சேரி. விரல் பழக்கத்தில் வாசித்தது. கூட்டம் கைதட்டியது. முடிந்ததும் சஹானா தயங்கித் தயங்கி வந்தாள். "அண்ணாச்சி, இன்னைக்காவது சரியா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சும்மா."

பொய்யா, நிஜமா? சத்தியமாத் தெரியல.

ஜூலை 13
உலகம்மாள் மாத்திரையைப் பார்த்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். மாத்திரையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, "அப்ப இனி நான் பாடுனா ஏச மாட்டியளா?" என்றாள். சிரித்துவிட்டேன். "மொதல்ல அந்தப் புள்ளைக்குப் போனப் போட்டு, தப்பு என் காதுலன்னு சொல்லுங்க."

சொன்னேன்.

ஜூலை 19
தினமும் அவளைப் பாடச் சொல்லிக் கேட்கிறேன். இன்றைக்கும் ரேடியோவும் அவளும் ஒன்றுதான். காது இப்படியே நின்றுபோனால்?

ஜூலை 27
விடியலிலிருந்து சாரல். ரேடியோவோடு சேர்ந்து உலகம்மாள் பாடினாள். ரேடியோ சரியாக இருந்தது. அவள் மட்டும் விலகினாள்.

அடுக்களைக்கு ஓடினேன். "ஏட்டி, சுருதி சேரவே இல்லட்டி!"

தோசைக் கரண்டியோடு திரும்பியவள் என் முகத்தைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். ரேடியோவை நிறுத்தினேன். "நீ பாடு" என்றேன். தோசை கருகும்வரை பாடினாள்.