லோடு லாரி உடனே நிற்காது

இன்று காலை தொழிற்பேட்டை முனையில் ஒரு லாரி அலறிக்கொண்டு பிரேக் போட்டது. கருகிய ரப்பர் வாடை மூக்கில் ஏறியதுமே உன் நினைவுதான்.

நம் பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவே அந்த நெடுஞ்சாலை. இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகள் ஓயாத சாலை. "நியூட்டன் விதி நம்ம பொண்ணுங்களுக்கு ரோட்டுக்குத்தான் மொதல்ல, பரீட்சைக்கு அப்புறம்" என்பாய்.

நீ இயற்பியல் டீச்சர், நான் கணக்கு டீச்சர். காய்கறிக்காரரிடம் தள்ளுவண்டியை இரவல் வாங்கி நீ மைதானத்துக்குக் கொண்டுவந்தபோது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். வெறும் வண்டியை ஓடவிட்டு, "நிறுத்துங்கடி" என்றாய். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் சட்டென்று நிறுத்தினார்கள். பிறகு சத்துணவுக் கூடத்து அரிசி மூட்டைகளை ஏற்றி, அதே வேகத்தில் தள்ளச் சொன்னாய். வண்டி அவர்களையும் இழுத்துக்கொண்டு வேப்பமரம்வரை போய்த்தான் நின்றது.

"இன்னா டீச்சர், நிக்கவே மாட்டேங்குது" என்று கவிதா மூச்சிரைத்தாள்.

"இதுக்கே இப்டின்னா கம்பி லாரிக்கு? டிரைவர் உன்ன பாத்துட்டாரு, பிரேக்கும் போட்டுட்டாரு. ஆனாலும் லாரி வந்துக்கினேதான் இருக்கும்."

தலைமையாசிரியர் கிளம்பி வந்தார். "கிரவுண்டுல இன்னா கூத்து மேடம் இது? கிளாஸ்ல நடத்துங்க."

"உக்கார வெச்சு இயக்கத்த எப்டி சார் நடத்தறது?" என்றாய். மறுவாரமும் வண்டி வந்தது.

ஒரு மழை மாலையில், சாலையைத் தாண்ட ஓடிய தன் தங்கையின் சடையைப் பிடித்துக் கவிதா பின்னால் இழுத்ததை நாம் இருவருமே பார்த்தோம். "லோடு வண்டிடி. தரையும் ஈரமா கீது. அவரே நெனச்சாலும் நிக்காது." லாரி அந்தச் சின்னப் பெண் இருந்திருக்கக்கூடிய இடத்தைக் கடந்துபோய்த்தான் நின்றது. நீ என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாய்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. உன் வகுப்பு எனக்கு வந்தது.

"அவங்களே போய்ட்டாங்க. அந்த வண்டி வேலையும் இதோட போவட்டும்" என்றார் தலைமையாசிரியர். "மேல இருந்து வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?"

"என்கிட்ட அனுப்புங்க சார். நான் சொல்லிக்கறேன்."

மெமோ கொடுப்பேன் என்றார். கொடுக்கட்டும்.

உன் அளவுக்கு எனக்கு இயற்பியல் வராது. நிலைமத்தை விளக்கும்போது பாதியில் திணறுகிறேன், பிள்ளைகளே எடுத்துக்கொடுக்கிறார்கள். உன்னிடமிருந்து எனக்கு முழுசாக வந்து சேர்ந்தது பிடிவாதம் மட்டுந்தான். அது போதும். நாளை எட்டாம் வகுப்பையும் மைதானத்தில் இறக்குகிறேன்.