வயிற்றில் போட்ட வட்டம்

அன்பு மகன் கியூஹோவுக்கு, குன்சானிலிருந்து அம்மா எழுதுவது. நான் உயிரோடு நலமாக இருக்கிறேன். வான்கூவரில் நீயும் மருமகளும் சுகமென்றே நம்புகிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

மூலம், சின்ன ஆபரேஷன் என்றுதானே என்னிடம் சொன்னாய்? நானும் நம்பி ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன். நர்ஸ் பெண் ஒருத்தி சட்டையைத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்குப் பக்கத்தில் பேனாவால் வட்டம் போட்டாள். மூலத்துக்கு வயித்துல எதுக்கும்மா வட்டம் என்று கேட்டேன். இனிமே மலம் இந்த வழியாத்தானே வரும், பை ஒட்டறதுக்கு அடையாளம் என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. பியோ டாக்டரைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. மலக்குடலில் உள்ளங்கை அகலத்துக்குக் கட்டி, புற்றாகவும் இருக்கலாம். ஆசனவாய் வழியாகவே குழாய் விட்டு, கட்டிக்கு அடியில் மருந்து நீர் ஏற்றி உப்பவைத்து, குட்டிக் கத்தியால் உரித்தெடுக்கலாம். ஆழமாக இறங்கியிருந்தால் மட்டும் பிறகு பெரிய ஆபரேஷன். இதையெல்லாம் அவர் உன்னிடம் போனில் சொல்லியும், குடலோட அடியோட எடுத்துடுங்க டாக்டர், அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க, பயந்துடுவாங்க என்றாயாம். பின்பக்கம் யாருதுங்க, என்னுதா எம்மகனுதா என்று அவரைக் கேட்டேன். அப்புறம்தான் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். சந்தையில் நாள் முழுக்க மீன் குடலை உருவுகிறவளுக்கா குடலைப் பற்றிச் சொல்லப் பயந்தாய்? பையோடு நன்றாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டுமென்றால் நானும் மாட்டிக்கொண்டு பொதுக் குளியல் கூடத்தில் என் சந்தைத் தோழி போங்ரேவுக்கு முதுகு தேய்ப்பேன். என்னைக் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். வட்டத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அதோடேயே உரித்தெடுக்கிற வழிக்கு நானே கையெழுத்துப் போட்டேன், எடுத்தும் விட்டார்கள். காற்று பிரிஞ்சுதா பிரிஞ்சுதா என்று வேளைக்கு வேளை கேட்டு மானத்தை வாங்கினார்கள். இப்போது கஞ்சி குடிக்கிறேன்.

நேற்று சோதனை முடிவு வந்தது. டாக்டர் என்னை உட்காரவைத்து என்னிடம்தான் முதலில் சொன்னார். அதை உன்னிடம் மறைத்து, கொஞ்ச நாள் நீயும் தவிக்கட்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். பாவி, மனசு வரவில்லை. புற்று மேலோட்டமாகத்தான் இருந்ததாம், ஆழம் போகவில்லை, வெட்டிய ஓரமெல்லாம் சுத்தமாம். இனி தூங்கு.

இருவரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். மருமகளுக்கு நெத்திலிக் கருவாடு அனுப்பியிருக்கிறேன், உனக்கு ஒன்றும் அனுப்பவில்லை. மறுபடி குழாய் விட்டுப் பார்க்கக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு வா, ஆனால் டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திரு. நான் வந்து சொல்கிறேன்.

கோபம் தீராத
அம்மா