பேர் வெட்டின பாத்திரங்கள்

சிங்கப்பூர்
12.8.96

அம்மணி,

நீ அனுப்பின பெட்டி நேத்து வந்து சேந்துச்சு. கோவிச்சுட்டு மேட்டுப்பாளையம் போனவ, பாத்திரத்தை மட்டும் கப்பல்ல ஏத்தி உட்டிருக்கறே. எனக்குச் சுடுதண்ணி வெக்கக்கூடத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா?

கஸ்டம்ஸ்ல, எல்லாம் என்ற சொந்தச் சாமான்னு எழுதிக் கொடுத்தேன். அந்த ஆபீசருக்குத் தமிழ் படிக்கத் தெரியும். நம்ம கல்யாணத்துக்குக் கொடுத்தவங்க வெட்டின பேரையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துச் சத்தமாப் படிச்சாரு. குடத்துல திருமூர்த்தி, போசில ராசாத்தாள், எண்ணெய்த் தூக்குல காங்கேயம் பெரியப்பன்.

"உங்க சாமான்னு எழுதியிருக்கீங்க. உங்க பேரு எதுல இருக்கு?"ன்னாரு.

ஒண்ணுலயும் இல்லை. பாத்திரம் திருடினவனாட்டம் நின்னேன். கடைசியா, அடியில கெடந்த டிபன் கேரியர்ல உன் பேரு இருந்துச்சு. "இது என்ற சம்சாரமுங்க"ன்னேன்.

"அவங்க எங்கே?"

உன்ற அம்மாவை நான் பேசுன பேச்சையெல்லாம் அவருகிட்டச் சொல்ல முடியுமா? அடுத்த மாசம் வாராங்கன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அப்புறந்தான் பெட்டியை உட்டாரு.

உங்கிட்டத் தப்புப் பண்ணினவன்தான். சர்க்காருக்கும் பொய் சொன்னவனா ஆக்கிப்போடாதே, கண்ணு.

பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்து வெச்சிருக்கும்,
எதுலயும் பேர் வெட்டாத
உன்ற ஊட்டுக்காரன்