மூலாதாரத்தில் ஏதாவது தெரியுதா?

மார்ச் 4, செவ்வாய்

இவர் லிஃப்ட் குழிக்குள் விழுந்து இன்றோடு பதினெட்டு நாள். முதுகெலும்பில் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். தையல் பிரித்தாயிற்று. டாக்டர் ஊசி முனையை மார்பில் தொடங்கிக் கீழே கீழே வைத்துக்கொண்டே வந்தார். தொப்புள் வரைக்கும் "குத்துது, குத்துது" என்றார் இவர். அதற்குக் கீழே சத்தமே இல்லை.

வெளியே வந்து டாக்டர் சொன்னார்: "காலைப் பாக்காதீங்கம்மா. ஆசனவாயைச் சுத்தி இருக்கிற தோல்ல துளி உணர்ச்சி இருந்தாலும் நரம்பு முழுசா அறுந்து போகலைன்னு அர்த்தம். நடக்க வழி இருக்கு. இன்னைக்கு அங்க ஒண்ணும் இல்லை. ஏப்ரல் ரெண்டாம் தேதி மறுபடி பாப்போம். அப்பவும் இல்லைன்னா..." பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த இடத்துக்கு எனக்கு வேறு பெயர் தெரியும். மூலாதாரம். பதினோரு வருஷமாக, என் தியான வகுப்புக்கு வருகிறவர்களிடமெல்லாம் "அங்கே மனசை வையுங்கள்" என்று சொல்லியே சம்பாதித்திருக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். முன் ஹாலில் வகுப்பு நடக்கும், இப்போது நிறுத்தி வைத்திருக்கிறேன்; பின் அறையில் இவர் கட்டில். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை ட்யூப் போட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டும். நர்ஸ் காட்டிக்கொடுத்தபோது தலையை ஆட்டிவிட்டேன். இன்று நான் ட்யூபை எடுப்பதும் வைப்பதுமாக இருந்ததைப் பார்த்து, "மெதுவா போடு டீச்சரம்மா, எனக்கென்ன வலிக்கவா போகுது" என்கிறார்.

நாத்தனார் வந்திருந்தார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஊருக்கெல்லாம் சக்கரத்தைச் சுத்திவிடுற. என் தம்பிக்கு ஒண்ணைச் சுத்திவிட மாட்டியா?" கிண்டலா, கெஞ்சலா, தெரியவில்லை.

மார்ச் 13, வியாழன்

"எனக்கும் அந்த அறிமுக வகுப்பை எடேன். ஃபீஸ் மட்டும் கேக்காத." இவர்தான் கேட்டார். இத்தனை வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டு சிரித்த மனிதர்.

எடுத்தேன். மூலாதாரம்: நான்கு இதழ்த் தாமரை, மண். பயமில்லாமல் தரையில் ஊன்றி இருப்பது அதன் பொருள். "கவனம் அங்கே நிலைச்சா முதல்ல இளஞ்சூடா இருக்கும். அப்புறம் ஒரு மெல்லிய துடிப்பு. அப்புறம் உடம்பு கனமா உக்கார்ற மாதிரி தெரியும்." மனப்பாடம், வாய் தானாகச் சொல்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ரொம்பக் கவனமாகக் கேட்டார்.

மார்ச் 17, திங்கள்

நான்கு நாளில் ஏழு சக்கரத்தையும் முடித்துவிட்டோம். சுவாதிட்டானம்: ஆறு இதழ், நீர், ஆசை. மணிபூரகம்: தொப்புள், பத்து இதழ், நெருப்பு. அனாகதம்: நெஞ்சு, பன்னிரண்டு இதழ், எதுவும் மோதாமல் எழும் ஓசை. தொண்டையில் விசுத்தி, பதினாறு இதழ், பேச்சு. புருவ நடுவில் ஆக்ஞை, இரண்டே இதழ். உச்சியில் சகஸ்ராரம், ஆயிரம்.

"ஏழு மாடிக் கட்டடம்னு சொல்லு," என்றார். "லிஃப்ட் மூணாவது மாடிக்குக் கீழ இறங்க மாட்டேங்குது. கேபிள் கட்டா, இல்ல வெறும் ஃப்யூஸா? அதைத்தான் அந்த டாக்டர் ரெண்டாம் தேதி பாக்கப் போறாரு." சிரித்தேன். அப்புறம் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

மார்ச் 20, வியாழன்

தெரியுதாம்!

ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். "ஏதாவது தெரியுதா?" தினம் கேட்பதுதான். என் முகத்தையும் துணியையும் பார்த்தார். அப்புறம், "இளஞ்சூடா இருக்கு," என்றார். "துடிக்கிற மாதிரி."

நாத்தனாருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் விசும்பல். வகுப்பை மறுபடி ஆரம்பிக்கிறேன் என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

இன்றும் தெரிந்தது. நேற்றைவிடக் கூடுதலாம்.

பிசியோதெரபி பெண்ணிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை. "சார் கண்ணை மூடச் சொல்லிட்டுக் கேட்டீங்களா மேடம்?" நேற்றுப் படித்து முடித்தவளுக்கு வாயைப் பார்.

மார்ச் 27, வியாழன்

கண்ணை மூடச் சொல்லலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ஏப்ரல் 2, புதன்

டாக்டர் கண்ணை மூடச் சொன்னார். ஒருக்களித்துப் படுத்திருந்தார் இவர். நான் தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பஞ்சால் தொட்டு, "இப்ப?"

"தெரியுது டாக்டர்."

ஊசியால் குத்தி, "இப்ப?"

"தெரியுது. இளஞ்சூடா."

மூன்றாவது தடவை டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். இரண்டு கையும் காற்றில். "இப்ப?"

"தெரியுது டாக்டர். லேசாத் துடிக்குது."

டாக்டர் என்னைத்தான் பார்த்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

கத்திட்டேன். நடமாட முடியாத மனுஷனைப் பிடிச்சு வாய்க்கு வந்தபடி கத்திட்டேன். ரெண்டு வாரமா என்னை ஏமாத்திக்கிட்டு — உங்க அக்காகிட்ட வேற நான் சொல்லி — எதுக்குங்க? எதுக்கு?

"தினம் துணியைக் கையில வெச்சுக்கிட்டு நீ என் முகத்தைப் பாத்துக் கேக்கற. இல்லைன்னு எப்படிச் சொல்றது? சொல்லிக்குடுத்ததும் நீதானே. எது தெரியணும்னு நீ சொன்னியோ அதைச் சொன்னேன்."

அப்புறம் மெதுவாக, "சொல்லிச் சொல்லி நிஜமாவே தெரியுதோன்னு எனக்கே ஒரு சந்தேகம்," என்றார்.

நான்தான் வார்த்தையை வாயில் ஊட்டினேன். வேறு எப்படியாவது சொல்லியிருந்தால் அப்போதே கண்டுபிடித்திருப்பேனோ என்னவோ. கண்டுபிடித்து என்ன செய்திருப்பேன்? ஒன்றும் செய்திருக்க முடியாது. நரம்பு அறுந்தது அறுந்ததுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வகுப்பு. ஒன்பது பேர். மூலாதாரத்தில் ஆரம்பித்து, "ஏதாவது தெரியுதா?" என்றேன். எல்லாரும் வழக்கம்போல "தெரியுது மேடம்." வழக்கம்போல இளஞ்சூடு.

"எதுவும் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்," என்றேன். ஆறு வருஷமாக வரும் பேங்க் அம்மா கையைத் தூக்கினார். "எனக்கு ஒரு நாளும் ஒண்ணும் தெரிஞ்சதில்ல மேடம்." அப்புறம் தையல்காரர். அப்புறம் ஒவ்வொருவராக, மொத்தம் ஏழு பேர்.

"அப்ப எதுக்குங்க வர்றீங்க?"

"இங்க உக்காந்திருக்கிற ஒரு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க," என்றார் பேங்க் அம்மா.

சக்கரம் பொய் என்று எழுத வரவில்லை. எனக்கு நிஜமாகவே தெரிந்திருக்கிறது. எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவரும் இளஞ்சூடு என்றுதான் சொன்னார். இப்போது அதுவும் இடிக்கிறது.

ஏப்ரல் 8

இவரிடம் பேசி ஐந்து நாளாகிறது. புரட்டுகிறேன், துடைக்கிறேன், ட்யூப் போடுகிறேன். வாய் மட்டும் திறக்கவில்லை. கோபம் அவர் மேல் இல்லை. யார் மேல் என்று தெரிந்தால் அங்கே போய்க் காட்டிவிட்டு வருவேன்.

ஏப்ரல் 12, சனி

மத்தியானம் கட்டில் ஓரமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பேங்க் அம்மா சொன்னதைச் சொன்னேன். சிரித்தார். தோள் குலுங்கியது. மடிப்பதை நிறுத்திவிட்டு அவர் முழங்காலில் கை வைத்துக்கொண்டேன், எப்போதும் வைப்பதுபோல. அப்படியே கொஞ்ச நேரம் இருந்தோம்.

"எழுந்து போயிட்டியா?" என்றார்.

"இங்கதான் இருக்கேன். கால் மேல கை வெச்சிருக்கேன்."

"தெரியல," என்றார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாக. "இனிமே வெச்சா சொல்லிட்டு வை."

சரி என்றேன். கையை எடுத்து, "வைக்கிறேங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடி வைத்தேன்.