கொர்பு மலைக் கரடி

அன்பு மகள் இலிங்காவுக்கு அம்மா எழுதுவது.

கிறிஸ்து உயிர்த்தார். நீயும் அங்கிருந்தே "மெய்யாகவே உயிர்த்தார்" என்று சொல்லிவிட்டு மேலே படி. நானும் அப்பாவும் நலம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன், இந்த முறை அப்பா நலம் என்று மட்டும் எழுதுகிறேன். நாளைக் காலை இத்தாலிக்கு, நீ இருக்கும் டுரினுக்குக் கிளம்பும் வேன்காரன் கோஸ்தினிடம் உனக்கு ஒரு பெட்டி கொடுத்தனுப்புகிறேன், வெள்ளிக்கிழமை கைக்கு வந்துவிடும். பாலாடைக்கட்டி வைத்த ஈஸ்டர் ரொட்டி, சிவப்பு முட்டை, நீ வேலைக்கிருந்து பார்த்துக்கொள்ளும் அந்தப் பாட்டியம்மாவுக்குக் கம்பளிக் காலுறை. இந்தக் கடிதம் ரொட்டிக்கு அடியில் இருக்கும். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போன் இருப்பது அடுப்படியில், இந்த வாரம் முழுக்க அப்பாவும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார்.

பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் உடலை வரைந்த அடக்கத் துணிக்குப் போட பூ எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கொர்பு மலை மடாலயத்துக்கு ஏறினேன். ஊற்றைத் தாண்டியதும் மூடுபனி இறங்கிவிட்டது. நான் பயப்படவில்லை. பாதை அடையாளத்துக்கு மரத்துக்கு மரம் வெள்ளைப் பட்டைக்கு நடுவே நீலக் கோடு போட்டவளே நான்தானே, மரியோவாரா போட்ட கோடு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று ஊரே சொல்கிறதே. மூடுபனி வந்தால் பாதையில் இருப்பவர்களுக்காக மேலே மணி அடிப்பார்கள், அதைக் கேட்டுக்கொண்டே போகலாம் என்று ஒரு கல்லில் உட்கார்ந்தேன். மணி வரவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்யா கெர்வாசியே சாமி, கண்ணு தெரியல? பனி இறங்கினா மணி அடிக்கணும்னு தெரியாதா? தூங்கிட்டியா?" என்று மடாலயத்துச் சாமியாரைத் திட்டிக் கத்தினேன். தூரத்தில் மரப்பலகையைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. மணி இருக்கும்போது பலகையை ஏன் தட்டுகிறார்கள் என்று உண்மையாகவே யோசித்தேன் இலிங்கா. பெரிய வியாழனிலிருந்து ஈஸ்டர் வரை மணி அடிக்க மாட்டார்கள், பலகைதான் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அடக்கத்துக்குப் போட வேண்டிய பூவை மடியிலேயே வைத்துக்கொண்டு இன்றைக்கு என்ன நாள் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் எழுந்து கோட்டைப் பார்த்துக் கோட்டைப் பார்த்து நடந்தேன். ஒரு மரத்தில் கோடு பளிச்சென்று தெரிந்தது, அதைத் தாண்டிக் காலை வைத்தேன், கீழே தரை இல்லை. கல் ஒன்று உருண்டு போனது, அது விழுந்த சத்தம்கூட வரவில்லை. கழுகுப் பள்ளம். மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டதால் உயிரோடு இருக்கிறேன். பாதை நாற்பது அடிக்கு முன்பே இடது பக்கம் திரும்பிவிடுகிறது. அந்த மரத்தில் கோடு போட்டது யார் என்று பார்த்தேன். கோட்டின் அடியில் சின்னதாக ஒரு வால் இழுத்திருந்தது. அப்படி இழுப்பவள் நான் ஒருத்திதான். போன இலையுதிர் காலத்தில் எல்லாக் கோட்டையும் புதுப்பித்தேன், இதைப் போட்டது மட்டும் சுத்தமாக நினைவில் இல்லை. பலகைச் சத்தத்தை நோக்கித் தவழ்ந்தே மேலே போய்ச் சேர்ந்தேன். பூ பள்ளத்தில் விழுந்துவிட்டது. சாமியார் "பூ எங்கம்மா?" என்று கேட்டார். மறந்துட்டேன் சாமி என்றேன். அவர் சிரித்தார்.

மறுநாளே போய் அந்தக் கோட்டைச் சுரண்டிவிட்டேன். ஆனால் மலை முழுக்க முந்நூறு கோடு இருக்கிறது, வேறு எதை எங்கே போட்டுவைத்தேனோ தெரியாது. நீ பார்த்துக்கொள்ளும் பாட்டியம்மா செருப்பைக் குளிர்பெட்டிக்குள் வைத்தாள் என்று நீ சொன்னபோது வயிறு வலிக்கச் சிரித்தேனே, என்னை மன்னித்துவிடு. அவள் முதலில் எதை மறந்தாள் என்று மட்டும் எனக்கு எழுது.

இதற்கு மேல் ஒரு முட்டாள்தனம் செய்திருக்கிறேன். ஈஸ்டர் அன்று கோயில் வாசலில் எல்லோரும் மறுநாள் மலை ஏறலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகளோடு. என் கோட்டை நம்பித்தான் போவார்கள். உண்மையைச் சொல்ல வாய் வராமல், பாதையில் குட்டியோடு கரடி நிற்கிறது, நானே பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். பாதையின் தொடக்கத்தில் கயிறும் கட்டிவிட்டேன். பக்கத்து வீட்டுக் கத்திங்கா, "உன்னைப் பாத்துட்டு அதுதான்டி ஓடியிருக்கும்" என்று கேலி பேசினாள். ஆனால் எல்லோரும் நம்பிவிட்டார்கள். இப்போது வனக்காவலரும் நான்கு ஆண்களும் நாய்களோடு வரும் திங்கள் விடியற்காலையில் கரடியை விரட்டப் போகிறார்கள். முன்னால் போவது உன் அப்பா. "பனியா இருக்கும் தோவாதெர், வேணாம்" என்று அவரிடம் கெஞ்சினேன். "உன் கோடு இருக்கையில எனக்கென்னடி பயம்?" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டு முறை சொல்ல வாயெடுத்தேன், ஒரு முறை சூப்பில் உப்பு போதுமா என்று கேட்டேன், இன்னொரு முறை அழுதேன். கரடியை நினைத்து அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

கடவுளின் தாய் உன்னைக் கண்போல் காக்கட்டும். தலையை மூடாமல் வெளியே போகாதே, ஊதல் காற்று உனக்கு ஆகாது. ஞாயிறு இரவு வரை உன் போன் வராவிட்டால் திங்கள் காலை அந்தக் கயிற்றுக்கு முன்னால் நின்று எல்லோர் எதிரிலும் நானே சொல்வேன், ஆனால் அப்பா அதை அப்படித் தெரிந்துகொள்ள வேண்டாம். போன் செய், அப்பாவையே கூப்பிடச் சொல். மலையில் கரடி எதுவும் இல்லை அப்பா, அது அம்மாதான் என்று சொல்.

உன்னை ஆயிரம் முறை முத்தமிடும்
அம்மா மரியோவாரா