றினாஸ்ட படம் எப்பிடி வந்தது?

நுஹா,

சோறும் மீனாணமும் மூடி வச்சிருக்கன், சாப்பிடு.

நீ சொன்ன மாதிரி டெப்லட்டில படங்கள் தானா வந்து சேர்ற அந்த 'சிங்க்' எண்டதை நிப்பாட்டித் திருப்பிப் போட்டன். நான் போனில எடுத்த படம் ஒண்டும் வரேல்ல. கொம்பியூட்டரிலயும் இல்ல. கத்தாரில இருக்கிற உன்ர நானா றினாஸ்ட படங்கள்தான் வந்து நிக்குது. அவன் விட்டிட்டுப் போன டெப்லட் எண்டதாலயோ? ஒண்டும் விளங்கேல்ல. ஒரு படத்தில கால் முழுக்கப் பிளாஸ்டரோட கட்டிலில கிடக்கிறான். நேத்துத்தானே "வேலையில நிக்கிறன் உம்மா" எண்டவன்!

நான் என்னத்தையோ அமத்திப்போட்டன் எண்டு நீ கத்தினதில எனக்கு இன்னும் கோவம்தான். ஆனாலும் நீயே வந்து பார். ஒண்டையும் அழிச்சுப்போடாத.

வாப்பாட்டச் சொல்லக் கடைக்குப் போறன்.

உம்மா

இப்பத்தான், கடைக்கு வெளிக்கிடேக்க, றினாஸ் கோல் எடுத்தான். படத்தைச் சொன்னன். "அது உங்களுக்கு எப்பிடி உம்மா வந்தது?" எண்டான். "எனக்கும் தெரியாது மகன்" எண்டன். பிறகு ரெண்டுபேரும் அழுதம்.